போய்விட்ட கோளும் பெரகல அக்கிராசனரும்

பிரசங்க மேடைக்குப் புதிதாக வந்திருக்கும் நண்பர்களே, முப்பத்தைந்து வயது நிரம்பாத ஒருவன் தன்னை ஓய்வு பெற்றவன் என்று அறிவித்துக்கொள்வது உங்களுக்கு நகைப்பைத் தரலாம். தாராளமாக நகையுங்கள். பதுளை வைத்தியர் என் தொண்டைக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனியும் மேடையேறினால் வீட்டில் சோற்றுக்கு உப்புக் கேட்கக்கூடக் குரல் மிஞ்சாது என்று சொன்னபோது நானும் நகைக்கவே முயன்றேன், சத்தம் வரவில்லை. ஆகையால் பேச வேண்டியதை எழுதித் தருகிறேன்.

குரலை எங்கே உயர்த்துவது, கையை எப்போது நீட்டுவது என்பவற்றை நான் சொல்லப் போவதில்லை. அவற்றை ஒரு கண்ணாடியின் முன்னால் நின்றே கற்றுக்கொள்ளலாம். கண்ணாடி உங்களை எதிர்த்துக் கேள்வி கேட்பதில்லை. பாதிப் பேச்சில் எழுந்து போவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அது அக்கிராசனத்தில் அமர்ந்து கூட்டத்துக்குத் தலைமை வகிப்பதில்லை. இவற்றைச் செய்யக்கூடியவர்கள் மனிதர்கள். அவர்களைப் பற்றித்தான் உங்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

வாதமேடையில் என்னை வீழ்த்தியவர் ஊவா மாகாணத்தில் எவருமில்லை. இது தற்புகழ்ச்சி அன்று, தகவல். பெண்கல்வியாகட்டும், மதுவிலக்காகட்டும், அம்மைப்பால் குத்திக்கொள்வதாகட்டும், எதிர்த்தரப்பு எழுந்து தொண்டையைச் செருமும் முன்பே அதன் கடைசி வாதத்துக்கும் மறுப்பை ஆயத்தமாக வைத்திருப்பேன். இப்படிப்பட்ட ஒருவனை, இந்த நூற்றாண்டு பிறந்த முதல் மாசி மாதத்தில், நம் பிரசங்க சங்கத்தார் என்ன பொருள் பற்றிப் பேசத் தோட்டந்தோட்டமாக அனுப்பினார்கள் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத ஒரு கல்லைப் பற்றி!

கல் என்று நான் சினத்தால் சொல்கிறேன். அது ஒரு சிறுகோள். சூரியனைச் சுற்றும் சிறுகோள்கள் பலவும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலுள்ள வெளியிலேயே அடக்கமாகச் சுற்றுகின்றன. அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னர் கண்டுபிடிக்கப்பட்ட இந்தச் சிறுகோளுக்கு மட்டும் அந்த அடக்கம் இல்லை. அதன் பாதை நீண்டு ஒடுங்கிய வட்டம். அது செவ்வாயின் பாதைக்குள் புகுந்து பூமிக்கு அண்மையில் வந்து திரும்புகிறது. ஒன்றே முக்கால் ஆண்டில் ஒரு சுற்று முடிகிறது. எத்தனை நெருங்கினாலும் அது பூமியின் பாதையைத் தொடுவதில்லை. வெளியிலேயே நின்று, சற்றுச் சாய்வான தளத்தில் ஓடிக் கடந்துவிடும். நம் மலைகளில் மேல் ரோட்டும் கீழ் ரோட்டும் ஒரு வளைவில் கைகோத்துக்கொள்வதைப் போலத் தோன்றுகின்றன அல்லவா? மேல் ரோட்டு வண்டி கீழ் ரோட்டு வண்டியின் மீது மோதியதாக எவரேனும் கேள்விப்பட்டதுண்டா? அப்படித்தான்.

அந்த முறை அது நமக்கு மிக அண்மையில் வந்தது மார்கழியில். அப்போதும் சந்திரனைக் காட்டிலும் நூறு மடங்குக்கு மேற்பட்ட தூரம். அதை வெவ்வேறு தேசத்து வானசாஸ்திரிகள் ஒரே காலத்தில் அளந்து, அதைக்கொண்டு சூரியனின் தூரத்தையே திருத்தமாகக் கணக்கிட முயன்றார்கள். கொழும்பிலிருந்து வந்த ஆங்கில சஞ்சிகைகளில் இதைப் படித்த நம் சங்கத்துப் பெரியோர், இந்த அறிவு ஊவா மலைகளுக்கும் எட்ட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். கோள் வந்தது மார்கழியில். தீர்மானம் நிறைவேறியது தையில். வண்டி கிடைத்தது மாசியில். சங்கங்கள் கோள்களைவிட மெதுவாகவே நகர்கின்றன.

அதற்குக் கிரேக்கரின் காதல் தெய்வத்தின் பெயரை இட்டிருந்தார்கள். அதைக் காமன் என்று தமிழாக்கினால் அழகாக இருக்கும் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். மாசி மாதம், தோட்டத்துச் சனங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் லயத்துக்கு லயம் காமன் கூத்து நடக்கும் காலம். சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரிக்கும் காட்சியை ஆண்டுதோறும் ஆடிப் பார்க்கும் சனங்களிடம் போய், "காமன் வானத்தில் வருகிறான்" என்று நான் பேச வேண்டுமாம்! யோசனை சொன்னவருக்கு நன்றி கூறி, சிறுகோள் என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். இவ்வளவு முன்யோசனையோடு புறப்பட்டவன் நான் என்பதை நீங்கள் மறக்கலாகாது.

முதல் கூட்டம் ஹாலிஎலயில். அரை நாழிகை கோர்வையாகப் பேசினேன். பேச்சு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு வண்டிக்காரர் எழுந்தார்.

"அது எங்கங்க இருக்கு? கையக் காட்டிச் சொல்லுங்க."

"வெறும் கண்ணுக்குத் தெரியாது. தொலைநோக்கி வேண்டும்," என்றேன்.

"ஒங்ககிட்ட இருக்குங்களா?"

"இல்லை."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லை."

"அப்ப நீங்களும் நானும் ஒண்ணுதான். நீங்க எறங்கி வாங்க, நா ஏறிப் பேசுறேன்."

கூட்டம் சிரித்தது. நானா விடுபவன்? "இலண்டன் நகரத்தை நீங்கள் பார்த்ததில்லை. ஆயினும் தோட்டத்துத் துரை அங்கிருந்து வருகிறார் என்று நம்புகிறீர்கள் அல்லவா?" என்று மடக்கினேன்.

"தொரையத்தான் தெனமும் கண்ணால பாக்குறோமே. ஒங்க கோளு எப்பங்க சவாரி வரும்?"

நண்பர்களே, மேடையில் ஓர் உவமையை எறியுமுன் அதன் மறுமுனை எதிராளியின் கைக்கு எட்டுமா என்று பாருங்கள். இது ஹாலிஎலயில் நான் கற்றது. அந்த வண்டிக்காரருக்கு இன்றளவும் நான் மரியாதை செலுத்துகிறேன். ஏனெனில் அவர் கேட்டார். கேட்பவரோடு வாதாடலாம். நான் உங்களை எச்சரிக்க விரும்புவது உறங்கி விழித்து முடிவுரை நிகழ்த்துபவரைப் பற்றி.

இனிப் பெரகலவுக்கு வருகிறேன்.

அப்புத்தளைக்குக் கீழே, பாதைகள் பிரியும் அந்தச் சந்தியில், அக்காலத்தில் நாலைந்து கடைகள்தாம் இருந்தன. அவற்றில் பெரியது சேகு நானாவின் கடை. கடைக்குப் பின்னால் கோப்பிக் காலத்துக் களஞ்சியம் ஒன்று, கோப்பிச் செடிகள் நோயில் மாண்ட பிறகு வெறுமனே கிடந்தது. அதைக் கூட்டத்துக்காகப் பெருக்கிக் கொடுத்தார் சேகு நானா. கைவைத்த நாற்காலி அந்தச் சந்தியிலேயே ஒன்றுதான்; அதுவும் அவருடையது.

"எல்லாம் தாரேன், தம்பி. ஆனா ஒரு விசயம். நாற்காலில கணக்கப்புள்ள ஐயாவத்தான் இருத்தணும். இல்லாட்டி மனுசன் ஒரு வருசத்துக்கு எனக்கிட்ட சாமான் வாங்க மாட்டாரு," என்றார்.

கணக்கப்பிள்ளை என்பவர், விடியற்காலைப் பெரட்டில், தோட்டத்துச் சனங்கள் வரிசையாக வந்து நிற்க, இன்னார் கொழுந்துக்கு, இன்னார் வடிகான் வெட்ட என்று துரையின் சார்பில் வேலை பிரித்து அனுப்புபவர். நம் அக்கிராசனர் நெடுங்காலம் அப்படி அனுப்பி ஓய்வு பெற்றவர். கோட்டு, தலைப்பாகை, வெள்ளிச் சங்கிலி, மழையானாலும் வெயிலானாலும் ஒரு குடை. முழங்கால் வலி காரணமாக அமர்ந்தபடியே பேசுவார். எதைப் பற்றியும் பேசுவார்.

நம் சங்கத்து விதி ஒன்றை இங்கே நினைவூட்டுகிறேன். அக்கிராசனர் முடிவுரை கூறியபின் எவரும் பேசலாகாது. நன்றி கூறும் வந்தனோபசாரம் மட்டும் உண்டு. இந்த விதி இல்லாவிடில் எந்தக் கூட்டமும் முடியாது. ஒருவர் மாற்றி ஒருவர் விடியுமட்டும் மறுத்துக்கொண்டிருப்பார்கள். நான் அதைப் பல மேடைகளில் காத்தவன்.

பெரகலயில் என் பிரசங்கம் சிறப்பாக அமைந்தது. சுற்றுத் தோட்டங்களிலிருந்து வந்த ஆண்களும் பெண்களும் சாக்கு விரிப்பில் அமர்ந்து ஆழ்ந்து கேட்டார்கள். மேல் ரோட்டு, கீழ் ரோட்டு உவமைக்குத் தலைகள் அசைந்தன. கோள் மார்கழியிலேயே கடந்துவிட்டது, இப்போது விலகிப் போய்க்கொண்டிருக்கிறது என்று ஒரு தடவைக்குப் பல தடவையாகச் சொன்னேன். அந்த நேரம் முழுவதும் அக்கிராசனர் குடைக்கைப்பிடியில் தாடையை ஊன்றிக் கண்களை மூடியிருந்தார். ஆழ்ந்த சிந்தனை என்று எண்ணினேன். "பூமிக்கு அண்மையில்" என்று நான் குரலை உயர்த்திய ஓரிடத்தில் மட்டும் அவர் திடுக்கிட்டு விழித்தார். பிறகு மறுபடியும் சிந்தித்தார்.

நான் அமர்ந்தேன். அவர் முடிவுரையைத் தொடங்கினார்.

"இந்தத் தம்பி பாடுபட்டு நமக்கு அறிவிச்ச மாதிரி, ஒரு கோளு பூமியப் பாத்து வந்துக்கிட்டு இருக்கு. ஒசரத்துல இருக்கிறவனுக்குத்தான் எதுவுமே மொதல்ல தட்டுப்படும். நாமெல்லாம் மலைமேல இருக்கிறவுக. அதனால வரப்போற அமாவாசை வரைக்கும் எல்லாரும் சாக்கிரதையா இருந்துக்கணும். அம்புட்டுத்தான். கூட்டம் முடிஞ்சுது."

அமாவாசை எங்கிருந்து வந்தது? நான் சொல்லவில்லை, சஞ்சிகையில் இல்லை. ஒரு முடிவுரைக்கு நாள் குறிப்பு இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவ்வளவே!

நான் துள்ளி எழுந்தேன். விதி என் தோளைப் பிடித்து அமர்த்தியது. எனினும் விதிக்குள்ளேயே ஒரு வாசல் உண்டு என்பது உடனே நினைவுக்கு வந்தது. வந்தனோபசாரத்தைச் சேகு நானா கூறுவதாக இருந்தது. அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். அக்கிராசனருக்கு நன்றி சொல்லும் சாக்கில், கோள் போய்விட்டது என்பதை நம் நெஞ்சில் பதியவைத்த அவருடைய நுண்ணறிவைப் பாராட்டத் தொடங்கினேன். எதிரியின் கையிலுள்ள கத்தியை வாங்கி அவருக்கே பழம் நறுக்கிக் கொடுக்கும் வித்தை அது. என் மேடை வாழ்வில் அதனினும் நேர்த்தியாக நான் பேசியதில்லை.

அதைக் கேட்டவர்கள் சேகு நானாவும் அவருடைய கடையாட்களும் மட்டுமே. "கூட்டம் முடிஞ்சுது" என்ற சொல் காதில் விழுந்ததும், தோட்டத்துச் சனங்கள் பெரட்டுக் கலைவதைப் போல ஒரே மூச்சில் எழுந்து வெளியேறியிருந்தார்கள். இருட்டுமுன் மலையேற வேண்டியவர்கள் வந்தனோபசாரத்துக்கா காத்திருப்பார்கள்?

"நல்லாப் பேசினீங்க, தம்பி," என்றார் சேகு நானா, சாக்கைச் சுருட்டியபடி. "சொவருக்கு வெளங்கியிருக்கும்."

இரவு அவர் கடையிலேயே தங்கினேன்; மறுநாள் விடியும் வேளையில் அவரே என்னை எழுப்பினார். பனி மூட்டம் கடைவாசல் வரை வந்து நின்றது.

"எழும்புங்க, தம்பி. ஒங்க நச்சத்திரத்துக்குப் பயந்து ரெண்டு பேர் வெளிக்கிட்டு வந்திருக்காங்க."

வாசலில் தகரப்பெட்டியைத் தலையில் சுமந்து ஓர் இளைஞன் நின்றான். பெயர் மாரிமுத்து. பக்கத்துக் கல்லில் அவன் மனைவி காத்தாயி இடுப்பைப் பிடித்தபடி அமர்ந்திருந்தாள். நிறைமாதம். முந்தின நாள் இருவரும் என் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவர்கள். கீழ்நாட்டுப் பாதையில் இறங்கி, கொழும்பு போய், கப்பலேறி, கடலுக்கு அப்பால் பெற்றோர் பிறந்த ஊருக்கே திரும்பிவிடுவது அவர்களுடைய திட்டம். வழிக்குப் பொரியும் வெல்லமும் வாங்கவே கடையில் நின்றார்கள்.

"துண்டு வாங்கிட்டியா?" என்று சேகு நானா கேட்டார்.

மாரிமுத்து தலையிலிருந்த பெட்டியைச் சரிசெய்துகொண்டு பாதையைப் பார்த்தான். துண்டு என்பது துரை கொடுக்கும் விடுவிப்புச் சீட்டு. அது இல்லாமல் தோட்டத்தை விட்டவனை வேறெந்தத் தோட்டமும் சேர்க்காது, பிடிபட்டால் மறியல் என்னும் சிறை. பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால், பொழுது ஏறுமுன் கங்காணி பாதையில் இறங்கிவிடுவான். நிறைமாதக்காரி எவ்வளவு தூரம் நடப்பாள்? இவன் மறியலுக்குப் போனால் பிள்ளைபெறுவது எங்கே, யார் துணையில்?

"நான் அப்பவே சொன்னேங்க, ஐயா," என்றாள் காத்தாயி என்னைப் பார்த்து. "மேல இருந்தா கல்லு விழுமாம், கீழ போனா போலீசு புடிக்குமாம். ரெண்டுல எதுல சாகுறதுன்னு இந்த மனுசன் ராவெல்லாம் ஓசன பண்ணிட்டு, போலீசுதான் நல்லதுன்னு முடிவு பண்ணியிருக்காரு."

"நீ சும்மா கெட, புள்ள."

"சும்மா கெடக்குறதா? இந்த வயித்தோட?"

நான் தொடங்கினேன். நண்பர்களே, என்னால் இயன்றமட்டும் எளிமையாக, அணியலங்காரம் ஒன்றும் இன்றி, கோள் போய்விட்டது, திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது, விழாது என்று விளக்கினேன். மாரிமுத்து பெட்டியை இறக்காமலே பணிவோடு கேட்டான்.

"நீங்க சொன்னது நேத்தே வெளங்கிச்சுங்க, ஐயா. நல்லாத்தான் சொன்னீங்க. ஆனா கணக்கப்புள்ள ஐயா சொல்லிப்புட்டாருல்ல?"

"அவர் சொன்னது தவறு."

"அது எப்படிங்க? பெரட்டுல சின்னக் கங்காணி ஒண்ணு சொல்லுவாரு. பெரிய கங்காணி ஒண்ணு சொல்லுவாரு. கடைசியில கணக்கப்புள்ள ஐயா என்ன சொல்றாரோ அதாங்க அன்னைக்கி வேல. கடைசி வார்த்தைக்கு மேல எவன் பேசுவான்?"

பல மேடைகளில் நான் கட்டிக்காத்த விதியை அவன் என் முகத்திலேயே விரித்துக் காட்டினான்.

"அதுவுமில்லாம, அவரு உக்காந்து சொன்னாரு. நீங்க நின்னுக்கிட்டேதான சொன்னீங்க," என்று முடித்தான்.

இதற்கு எந்தத் தருக்க சாஸ்திரத்தில் மறுப்பு இருக்கிறது? பெரட்டில் நிற்பவன் கேட்பவன், அமர்ந்திருப்பவன் ஆணையிடுபவன். பிறந்த நாள் முதல் அவன் கண்டது அதுதான். என் சொல்லாற்றல் முழுவதும் அந்த மனிதனிடம் செல்லாக்காசு என்பது விளங்கியது. மலைமேலிருந்து முதல் தப்புப் பறைச் சத்தம் கேட்டது. சனங்களை எழுப்பும் சத்தம். இனிப் பெரட்டுத் தப்பு அடிக்கும். அதற்குள் அவன் வரிசையில் நிற்க வேண்டும்.

"கோப்பி போட்டுக் கொடுங்கள், நானா. எப்படியாவது இவர்களைப் பிடித்து வையுங்கள்," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அக்கிராசனர் வீட்டுக்குப் பின்னால், பீலிக் குழாயிலிருந்து ஊற்றுத் தண்ணீர் விழும் இடத்தில் நின்று கரித்தூளால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க விவரத்தைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கொப்பளித்துத் துப்பினார்.

"அதுக்கு?"

"நீங்கள் வந்து, கோள் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஐயா."

"போயிருச்சா?"

"மார்கழியிலேயே போய்விட்டது! நேற்று முழுவதும் அதைத்தானே சொன்னேன்!"

"போயிருச்சுன்னா நீ ஏன் நேத்து வந்த? போனதப் பத்திப் பேசவா ஒரு மனுசன் பதுளையிலேர்ந்து வண்டி கட்டிக்கிட்டு வருவான்?"

இந்தக் கேள்விக்கு நம் சங்கத்தாரே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். நான் பல்லைக் கடித்தேன்.

"ஐயா, நேரமில்லை. அந்தப் பெண் நிறைமாதமாக இருக்கிறாள்."

"தெரியும், தம்பி. காத்தாயிய எனக்குச் சின்னப் புள்ளையிலேர்ந்து தெரியும். பாவந்தான்." அவர் முகம் உண்மையிலேயே வாடியது. "ஆனா நா சொன்னத நானே மாத்துனா, நாளைக்கி எவன் என்னய நாற்காலியில இருத்துவான்? இம்புட்டு வருசத்துல பெரட்டுல சொன்ன சொல்ல நா மாத்துனதே இல்ல. மழையா இருந்தாலும் மாத்துனதில்ல." சற்றே யோசித்தார். பிறகு அவர் கண்கள் பிரகாசித்தன. "ஒண்ணு செய்யலாம். நீதான் தப்பாச் சொல்லிப்புட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லு. நா திருத்துறேன். அக்கிராசனருக்கு அந்த அதிகாரம் உண்டுல்ல?"

நண்பர்களே, என் நாவின் நுனியில் அப்போது வரிசை கட்டி நின்ற மறுப்புகளை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! அவர் உறங்கியது, அமாவாசையைக் கற்பித்தது, உயரத்தில் இருப்பவனுக்கு முதலில் தட்டுப்படும் என்ற அந்த அற்புதமான பூகோளக் கோட்பாடு: ஒவ்வொன்றையும் எடுத்து, சந்தியில் நான்கு பேர் பார்க்க, அந்த மனிதரை நார்நாராகக் கிழித்திருக்க என்னால் முடியும். வென்றும் இருப்பேன். மாரிமுத்து அந்த வெற்றியைப் பணிவோடு கேட்டுவிட்டு, பெட்டியைச் சுமந்துகொண்டு கீழ்நாட்டுப் பாதையில் இறங்கியிருப்பான்.

நம் தொழிலில் இதுதான் இடர். வெல்வதற்காக நம்மைப் பழக்குகிறார்கள். யார் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதை எவரும் பழக்குவதில்லை. என் பேச்சால் நேராத ஒரு குற்றத்தை, உறங்கிய ஒரு மனிதருக்காக, நான் ஏற்றுக்கொள்ள வேண்டுமாம்! நீதி எங்கே? முறை எங்கே? இரண்டும் அந்தச் சந்தியில் இல்லை. கல்லில் அமர்ந்திருந்த ஒரு பெண்தான் இருந்தாள்.

"சரி, ஐயா. வாருங்கள்," என்றேன்.

"இரு, தலைப்பாகையக் கட்டிக்கிட்டு வாரேன்."

"ஐயா!"

"தலைப்பாகை இல்லாம முடிவுரையா? என்னா தம்பி, படிச்ச புள்ள நீ."

அவர் தலைப்பாகை கட்டிய வேகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. குடையையும் எடுத்துக்கொண்டார். சந்திக்குத் திரும்பினோம். சேகு நானா கைவைத்த நாற்காலியை ரோட்டோரத்தில் கொண்டுவந்து போட்டுக்கொண்டே முணுமுணுத்தார்.

"நேத்துக் கூட்டத்துக்கே இன்னும் தூசி அடங்கல்ல."

இரண்டு மூன்று வண்டிக்காரர்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அக்கிராசனர் அமர்ந்தார். மாரிமுத்து அப்போதுதான் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கினான். நான் நின்றேன்.

"பெரியோர்களே," என்றேன். "நேற்று நான் ஆற்றிய உரையில் பிழை நேர்ந்துவிட்டது. போன கோளை, வரும் கோள் என்று பொருள்படும்படி பேசிவிட்டேன்."

"சத்தமாச் சொல்லு, தம்பி. காத்தாயிக்குக் கேக்கல," என்றார் அக்கிராசனர்.

சத்தமாகச் சொன்னேன். அக்கிராசனர் குடையை ஊன்றி நிமிர்ந்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இந்தத் தம்பி சின்னப்புள்ள. மேடைப் பதட்டத்துல மாத்திச் சொல்லிப்புட்டாரு. நா ராவெல்லாம் விசாரிச்சுப் பாத்தேன். அந்தக் கோளு மார்கழியிலயே வந்துட்டுப் போயிருச்சு. மாரிமுத்து, நீ பெரட்டுக்குப் போ. காத்தாயி, நீ லயத்துக்குப் போயிப் படு. அம்புட்டுத்தான்."

ராவெல்லாம் விசாரித்தாராம்! யாரிடம்? அவருடைய குறட்டையிடமா?

மாரிமுத்துவின் முகம் தெளிந்தது. "இனிமே வராதுங்களா, ஐயா?" என்று கேட்டான்.

"வரவே வராது," என்றார் அக்கிராசனர்.

நண்பர்களே, அது வரும். ஒவ்வொரு சுற்றிலும் அல்ல. ஆனால் அந்தக் கோளும் பூமியும் தம்தம் பாதையில் மறுபடியும் அவ்வளவு நெருங்கும் காலம் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வாய்க்கும் என்று கணித்திருக்கிறார்கள். அப்போதும் அது விழாது. "வரும், ஆனால் விழாது" என்ற திருத்தம் என் தொண்டை வரை வந்தது. திருத்தமான உண்மை! பெட்டி இன்னும் மாரிமுத்துவின் காலடியில் இருந்தது. அந்த உண்மையின் முதல் பாதியைக் கேட்ட மாத்திரத்திலேயே அவன் அதைத் தூக்கியிருப்பான். நான் விழுங்கினேன். அடுத்த முறை அது வரும்போது மேடையில் நீங்கள் இருப்பீர்கள். கோளின் பாதையைப் படித்துக்கொள்ளுங்கள், தவறில்லை. அதற்கு முன் அக்கிராசனரைச் சந்தித்து, அவர் என்ன பேசப் போகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உறங்காதவராகப் பார்த்து இருத்துங்கள். கடைசிச் சொல் யாருடைய வாயிலிருந்து வருகிறதோ, அந்த வாயில் உங்கள் செய்தி முன்பே இருக்கட்டும்.

மாரிமுத்து பெட்டியைத் தூக்கக் குனிந்தான்.

"அத இங்க போட்டுட்டுப் போ," என்று அதட்டினார் சேகு நானா. "பெட்டியோட பெரட்டுல நின்னா கங்காணிக்குக் கண்ணு தெரியாதா? பொழுது சாயக் கொண்டுவந்து தாரேன். ஓடு!"

அவன் குறுக்குப் பாதையில் பாய்ந்து ஏறினான். பனி அவனை மறைத்தது. அடுத்த கணம் பெரட்டுத் தப்பு அடிக்கத் தொடங்கியது. சேகு நானா வாசலின் ஓரம் போய்க் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். மேல் வளைவில் பனி சற்றே விலகியபோது, கம்பளி போர்த்திய வரிசையின் கடைசியில் ஓர் உருவம் ஓடிவந்து செருகிக்கொள்வது தெரிந்தது.

"நின்னுட்டான்," என்றார் சேகு நானா.

அக்கிராசனர் தலையசைத்தார், தாமே அவனைச் சுமந்துபோய் நிறுத்தியவர் போல. பிறகு கோப்பி கேட்டார்.

காத்தாயி தன் கோப்பியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கல்லைப் பிடித்து எழுந்தாள். லயத்துக்கு அவள் தன் வசதிக்கு ஏறலாம். நிறைமாதக்காரிக்குப் பெரட்டு இல்லை. சற்று முன்னர் என்னை ஐயா என்றவள், போகிற போக்கில் என் முன்னால் நின்று, இரக்கத்தோடு என் முகத்தைப் பார்த்தாள்.

"மனச விட்றாதீங்க, தம்பி. எல்லாருக்கும் எடுத்த எடுப்புலயே வந்துருமா? அடுத்த வாட்டி நல்லாப் படிச்சுக்கிட்டு வந்து பேசுங்க."

அக்கிராசனர் ஆமோதித்தார். சேகு நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார்; அவர் தோள்கள் மட்டும் குலுங்கின.

நான் சொல்லக்கூடியது ஏராளமாக இருந்தது.

"ஆகட்டுங்க," என்றேன்.